ஒயர் அறுந்தால் பிரேக் பிடிக்குமா?

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வடம் பிடிக்க ஊரே திரண்டு வரும். தேரை நிறுத்துவது மட்டும் சக்கரத்தை ஒட்டி நடந்து வரும் நாலைந்து பேர். அவர்கள் கையில் முட்டுக்கட்டை. வடத்தால் இழுக்கத்தான் முடியும். உருண்டு வரும் தேரை வடத்தால் பிடித்து நிறுத்த முடியாது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுக்கும் வரை, அத்தனை பெரிய தேரை நிறுத்தியது அந்த மரக்கட்டைதான். நாமோ "முட்டுக்கட்டை போடாதே" என்று அதை ஒரு வசவாக்கி வைத்திருக்கிறோம்!

இந்தப் பதிவு தேரைப் பற்றியது இல்லை மக்களே. இழுத்துச் செல்லப்படும் வண்டிகளின் பிரேக்கைப் பற்றியது. பின்வண்டி, அதாவது டிரெயிலர். அதற்கு எஞ்சின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, டிரைவரும் கிடையாது. முன்னால் போகிறவன் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். முன்னால் போகிறவனிடமிருந்து கழன்றுகொண்டாலும் நிற்க வேண்டும். இந்த இரண்டாவது "நிற்க வேண்டும்" இருக்கிறதே, அதைக் கற்றுக்கொள்ள மனிதர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

நான் புனேயில் பிடுங்கும் ஆணி வண்டிகளின் ஒயரிங் சம்பந்தப்பட்டது. எந்த ஒயர் எங்கே போகிறது, எங்கே அறுந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. "ஊரில் எல்லோரும் சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் இன்னும் ஒயரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்" என்பது தங்கமணியின் நிரந்தர அங்கலாய்ப்பு. அப்படி அழுத அனுபவத்தில் ஒன்று சொல்வேன். ஒரு பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட, அது கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் பெரிய கேள்வி. இந்தக் கேள்வியின் சரித்திரம் ரயிலில் தொடங்குகிறது.

ஆரம்ப கால ரயில்களில் எஞ்சினுக்கு ஒரு பிரேக், கடைசியில் கார்டு பெட்டிக்கு ஒரு பிரேக். நடுவில் உள்ள பெட்டிகளுக்குக் கையால் சுற்றும் சக்கரம். அமெரிக்கச் சரக்கு ரயில்களில் இந்தச் சக்கரங்கள் பெட்டிகளின் கூரை மேல் இருந்தன. டிரைவர் விசில் ஊதியதும் பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் கூரையில் பெட்டிக்குப் பெட்டி தாவி ஒவ்வொன்றாகச் சுற்றி இறுக்குவார்கள். மழையிலும் பனியிலும் இதே வேலைதான். கை கால் போனவர்களும் உயிரே போனவர்களும் ஏராளம்.

1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 22. எஞ்சினில் ஒரு கம்ப்ரஸர், அதிலிருந்து ரயில் முழுக்க ஒரு குழாய், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிலிண்டர். டிரைவர் வால்வைத் திறந்தால் அழுத்தப்பட்ட காற்று குழாயில் பாய்ந்து எல்லாப் பெட்டியிலும் பிரேக்கை அழுத்தும். கூரை மேல் யாரும் ஓட வேண்டாம். பிரமாதம்தான். ஆனால் நடுவில் எங்காவது ஹோஸ் பைப் பிய்ந்தால்? காற்று வெளியே போய்விடும், ரயில் முழுக்க பிரேக் இருக்காது. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரமே ரயில் இரண்டாகப் பிரியும் நேரம்தான். அந்த நேரத்தில்தான் இது கைவிட்டுவிடும்.

மூன்றே வருடத்தில், 1872-ல், வெஸ்டிங்ஹவுஸ் தன் கண்டுபிடிப்பைத் தானே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். குழாயில் எப்போதும் காற்று அழுத்தத்தோடு இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி இருக்கும். குழாயில் அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால், அந்தந்தப் பெட்டியின் வால்வு தன் சொந்தத் தொட்டியின் காற்றை எடுத்துப் பிரேக்கை அழுத்திவிடும். டிரைவர் குறைத்தாலும் சரி, ஹோஸ் பிய்ந்து குறைந்தாலும் சரி, விளைவு ஒன்றே. "பிரேக் போடு" என்பதற்குச் செய்தி அனுப்பும் முறை போய், "பிரேக் போடாதே" என்பதற்குத் தொடர்ந்து செய்தி அனுப்பும் முறை வந்தது. செய்தி நின்றால் வண்டி நிற்கும். சுலபமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் இன்று வரை பாதுகாப்புப் பொறியியலின் அஸ்திவாரம் இதுதான்.

இவ்வளவு நல்ல விஷயத்தை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா? அதுதான் இல்லை.

1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா ரயில் கடற்கரைக்குக் கிளம்பியது. பதினைந்து பெட்டிகள், அடைத்துக்கொண்டு கூட்டம். ஏற்றத்தில் எஞ்சின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. முன் பெட்டிகளை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து மற்றவற்றை இழுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ரயிலில் இருந்தது பழைய முறை வாக்குவம் பிரேக். எஞ்சின் வாக்குவத்தை உண்டாக்கினால்தான் அது பிடிக்கும். கழற்றிய உடனே பின்னால் நின்ற பத்துப் பெட்டிகளுக்கும் பிரேக் போய்விட்டது. மிஞ்சியது கடைசியில் இருந்த கார்டின் கைப் பிரேக். கூடவே, சக்கரங்களுக்கு அடியில் அவசரத்துக்கு வைத்த ஜல்லிக் கற்கள். ஆம், முட்டுக்கட்டைதான்.

கழற்றும்போது முன்பகுதி லேசாகப் பின்னால் வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் பின்னோக்கி உருள ஆரம்பித்தன. கீழேயிருந்து அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. சுமார் 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

தானாகப் பிடிக்கும் பிரேக் கண்டுபிடித்துப் பதினேழு வருடங்கள் ஆகியிருந்தன. கடையில் கிடைத்த பொருள்தான். செலவு, "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்ற மெத்தனம், இரண்டும்தான் தடுத்தன. அதே 1889-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பயணிகள் ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் தொடர் பிரேக் வேண்டும், இணைப்பு அறுந்தால் அது தானாகப் பிடிக்க வேண்டும். நான்கு வருடம் கழித்து, 1893-ல், அமெரிக்காவிலும் ரயில்வே பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூரையில் ஓடும் பிரேக்மேன் மெல்ல மெல்லச் சரித்திரத்துக்குள் போனார்.

வருடா வருடம் லீவுக்கு ரயிலேறி ஊருக்குப் போகும் நமக்கு இந்தப் பிரேக்கோடு நெருங்கிய பழக்கம் உண்டு, கவனித்ததில்லை, அவ்வளவுதான். நம்மூர் ரயில்களில் வெகுகாலம் இருந்தது தானாகப் பிடிக்கும் வகை வாக்குவம் பிரேக். குழாயில் காற்றில்லாத வெற்றிடம் இருக்கும் வரை ஓடும், காற்று உள்ளே நுழைந்தால் பிடிக்கும். 1980-களில் சரக்கு ரயில்களில் தொடங்கிப் பிறகு பயணிகள் ரயில்களும் ஏர் பிரேக்குக்கு மாறின. இப்போது பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். ஜங்ஷனில் எஞ்சின் மாற்றும்போது "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு நீண்ட பெருமூச்சு கேட்குமே, அது இந்தக் காற்றுதான். அபாயச் சங்கிலியை இழுத்தால் டிரைவருக்கு மணி அடித்து அவர் பிரேக் போடுகிறார் என்று பலரும் நினைக்கிறார்கள். சங்கிலி செய்வது அதைவிட எளிமையானது. பிரேக் குழாயில் ஒரு ஓட்டையைத் திறக்கிறது. அழுத்தம் குறைகிறது. மீதியை 1872-ன் யோசனை பார்த்துக்கொள்கிறது.

சரி, இப்போது தண்டவாளத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குவோம். அதுவும் அமெரிக்க ரோட்டுக்கு.

1920-களில் அங்கே கார் பெருகியது. காருக்குப் பின்னால் சாமான் வண்டி, கூடார வண்டி, பிறகு படுக்கை, அடுப்பெல்லாம் வைத்த வீட்டு வண்டி என்று பெருகின. வாலி பையம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கியது 1931-ல். அவற்றின் எடை கூடக்கூட, காரின் பிரேக்கே இரண்டையும் நிறுத்திவிடும் என்ற நினைப்பு எடுபடவில்லை. பின்வண்டிக்கும் பிரேக் வேண்டும். எப்படிக் கொடுப்பது?

அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் கம்பியாலும் கேபிளாலும் இயங்கும் பிரேக். வளைவில் திரும்பும் கொக்கியைத் தாண்டிக் கம்பி இழுப்பது நடக்காத காரியம். ஹைட்ராலிக் என்றால் கழற்றி மாட்டும்போதெல்லாம் ஆயில் ஒழுகும், காற்று புகுந்துவிடும். ஏர் பிரேக்குக்குக் கம்ப்ரஸர் வேண்டும், அது லாரிக்குச் சரி, காருக்கு எங்கே போவது? ஆனால் எல்லாக் காரிலும் ஒன்று இருந்தது. பேட்டரி. ஒயரை எளிதாகக் கழற்றலாம், எளிதாக மாட்டலாம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் நகரத்தில் ஆர்தர் பிராட் வார்னர் என்று ஒருவர் இருந்தார். காருக்கு ஸ்பீடாமீட்டர் செய்து விற்று, 1912-ல் அந்தத் தொழிலை விற்றவர். 1909-லேயே சொந்தமாக விமானம் வாங்கிப் பறந்த ஆசாமி. வேகத்தை அளக்கும் கருவியில் சம்பாதித்தவர் பிறகு வேகத்தைக் குறைக்கும் கருவிக்கு வந்தார். 1927-ல் வார்னர் எலெக்ட்ரிக் பிரேக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டிரெயிலருக்கு மின்சாரப் பிரேக் என்பது பரவ அதுவே பெரிய காரணம்.

இந்தப் பிரேக் வேலை செய்யும் விதம் ரொம்ப அழகு. சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு சின்ன மின்காந்தம். மின்சாரம் பாய்ந்தால் அது சுழலும் டிரம்மின் உட்பக்கத் தட்டில் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் சுழல்வதால் காந்தத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். காந்தம் ஒரு நெம்புகோலின் முனையில் இருக்கிறது. நெம்புகோல் திரும்பியதும் பிரேக் ஷூக்களை வெளிப்பக்கமாகத் தள்ளி டிரம்மில் அழுத்தும். அதாவது, வண்டியை நிறுத்தும் பலம் காந்தத்துடையது அல்ல, சுழலும் சக்கரத்துடையதே. காந்தம் அதைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் 10, 12 அங்குல டிரம்களுக்குச் சக்கரத்துக்குச் சுமார் 3 முதல் 4 ஆம்பியரே போதுமானதாக இருக்கிறது. ஒரு ஹெட்லைட் பல்ப் எடுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு!

எல்லாம் சரி. ஆனால் இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒன்று உறுத்தியிருக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் பிடிக்கும். பாயாவிட்டால்? பிடிக்காது. ஒயர் அறுந்தால்? பிடிக்காது. பிளக் கழன்றால்? பிடிக்காது. அடடா, 1872-ல் வெஸ்டிங்ஹவுஸ் தூக்கிப் போட்ட 1869 யோசனை, ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஒயர் வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டதே!

"பாயாவிட்டால் பிடிக்கும்" என்று தலைகீழாகச் செய்யலாமே என்று கேட்பீர்கள். ஓடும் நேரமெல்லாம் காந்தங்கள் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சூடேறும், ஷூவை அழுத்தத் தனியாக வலுவான ஸ்பிரிங் வேண்டும், விலை ஏறும். கனரக லாரிகளின் டிரெயிலர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும், காற்று அழுத்தம்தான் அதை விலக்கி வைத்திருக்கும், காற்று போனால் ஸ்பிரிங் ஜெயிக்கும். நம்மூர் நெடுஞ்சாலைகளில் போகும் கன்டெய்னர் லாரிகளிலும் இதே ஏற்பாடுதான். கார் டிரெயிலரில் அந்தச் செலவு செய்யாமல் ஓர் ஒட்டு போட்டார்கள். அதன் பெயர் பிரேக்அவே ஸ்விட்ச்.

டிரெயிலரிலேயே ஒரு சின்ன பேட்டரி. ஒரு ஸ்விட்ச். அந்த ஸ்விட்சில் ஒரு பின். பின்னிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் கயிறு முன்வண்டிக்கு. டிரெயிலர் கழன்று பிரிந்தால் கயிறு பின்னை உருவும், ஸ்விட்ச் சேரும், டிரெயிலரின் பேட்டரி எல்லாக் காந்தங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும். அமெரிக்க மத்திய அரசின் வணிக வாகன விதி, பிரிந்ததும் பிரேக் உடனே தானாகப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும் என்கிறது. பெட்டிக்குப் பெட்டி தனிக் காற்றுத் தொட்டி வைத்த வெஸ்டிங்ஹவுஸ் யோசனையின் பேட்டரி வடிவம்தான் இது. ஒரே வித்தியாசம், அங்கே குழாயில் காற்று அழுத்தம் ஏறாவிட்டால் ரயில் கிளம்பவே கிளம்பாது. இங்கே பேட்டரி காலியானால் யாருக்கும் தெரியாது. வண்டி ஜாலியாகக் கிளம்பிவிடும்.

முன்வண்டியில் உள்ள கன்ட்ரோலரும் வளர்ந்தது. முதலில் டிரைவர் கையால் நகர்த்தும் ஒரு நெம்புகோல், அதில் மாறும் மின்தடை. பிறகு காரின் ஹைட்ராலிக் பிரேக் குழாயிலிருந்தே ஒரு கிளை எடுத்து, ஆயில் அழுத்தத்துக்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. 1990-களில் ஏபிஎஸ் பரவியபோது அந்தக் குழாயில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. வேகம் குறைவதைத் தானே உணர்ந்து மின்சாரம் அனுப்பும் எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர்கள் அந்த இடத்துக்கு வந்தன. 2005-ல் ஃபோர்டு தன் பெரிய பிக்அப்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தர ஆரம்பித்தது. ஆனால் கன்ட்ரோலர் எவ்வளவு புத்திசாலியானாலும், அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது அதே ஒயர்தான். மழையிலும் உப்பிலும் சேற்றிலும் அடிபட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் தொங்கும் ஒயர்.

இவ்வளவு கதை ஏன் என்றால், சென்ற வருடம் என் தங்கை மகன் டென்வரிலிருந்து கூப்பிட்டான். பழைய வீட்டு டிரெயிலர் ஒன்று வாங்கியிருக்கிறான். இரண்டு அச்சு, நான்கு சக்கரம், எடை ரெண்டேகால் டன். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போகத் திட்டம். அந்த வழியில் ஐசன்ஹவர் சுரங்கத்தைத் தாண்டினால் மைல் கணக்கில் இறக்கம்.

"மாமா, பிரேக் ஏதோ மந்தமா இருக்கு. மீட்டர் வச்சுப் பார்த்தேன், ப்ளூ ஒயர்ல 12 வோல்ட் சரியா காட்டுது. கன்ட்ரோலரை மாத்திடவா?"

"எதையும் மாத்தாதே. பிளக்கைக் கழட்டிட்டுத்தானே பார்த்தே?"

"ஆமா."

"அப்ப அந்த 12 வோல்டுக்கு அர்த்தமே இல்லைடா."

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும். ஒரு காந்தத்தின் மின்தடை சுமார் 3.2 ஓம். நான்கும் இணையாக இருப்பதால் மொத்தம் 0.8 ஓம்தான். வழியில் ஒரு பச்சை பூத்த இணைப்பு அரை ஓம் தடை கொடுக்கிறது என்று வையுங்கள். வீட்டு ஒயரிங்கில் அரை ஓம் ஒன்றுமே இல்லை. இங்கே அது பாதிக்கு மேல். 12 வோல்டில் காந்தங்களுக்குப் போய்ச் சேருவது ஏழரை வோல்டுக்கும் குறைவு. ஆனால் பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் மின்சாரமே பாயாததால் நஷ்டமும் இருக்காது, முழு 12 வோல்டைக் காட்டும். தண்ணீர் வராத குழாயில் அடைப்பைத் தேடுவது போல.

ஆகவே வோல்டை விட்டுவிட்டு ஆம்பியரைப் பார்க்கச் சொன்னேன். சாதாரண மல்டிமீட்டர் 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது, உள்ளே ஃபியூஸ் போய்விடும். டிசி மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் வகை என்பதால் அதை வைத்து அளந்தால் குழப்பும். அதற்கு வழி, முன்வண்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிரேக்அவே பின்னை உருவுவது. டிரெயிலர் பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம் போகும். ஸ்விட்சும் பேட்டரியும் உயிரோடு இருக்கின்றனவா என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும். பிளக்கைக் கழற்றாமல் இதைச் செய்தால் கன்ட்ரோலர் கெட வாய்ப்புண்டு.

நான்கு சக்கரம், எனவே 12 முதல் 15 ஆம்பியர் வர வேண்டும். பூஜ்யம் வந்தால் எங்கோ முழுவதும் அறுந்திருக்கிறது. ஃபியூஸ் போனால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் ஒரு சக்கரத்திலிருந்து எதிர்ச் சக்கரத்துக்கு அச்சுக் குழாய்க்குள்ளே போகும் ஒயர் ஆடி ஆடி உரசித் தோல் உரிந்திருக்கும். நான்கில் மூன்று பங்கு வந்தால் ஒரு காந்தம் போச்சு.

அவனுக்கு வந்தது 6 ஆம்பியர் சொச்சம். சரி பாதி.

"மாமா, பாதின்னா..."

"ஒரு அச்சு முழுக்க தூங்குதுன்னு அர்த்தம். எது தூங்குதுன்னு காம்பஸ் வச்சுப் பாரு. போன்ல இருக்கற காம்பஸ் வேணாம், ஸ்கூல் பையன் காம்பஸ் போதும். பின் உருவியிருக்கும்போது டிரம் பக்கத்துல கொண்டு போ. காந்தம் உயிரோட இருந்தா முள் ஆடும்."

பின் அச்சில் இரண்டு பக்கமும் முள் அசையவில்லை. இரண்டு காந்தமும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டுக்கும் பொதுவான இடம் எது? பின் அச்சுக்குப் பிரியும் இணைப்பு. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தான். யாரோ எப்போதோ ஒயரை அறுக்காமல் மேலே கவ்வும் பிளாஸ்டிக் கிளிப் போட்டிருக்கிறார்கள். திறந்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடிதான் இருந்தது. பக்கத்திலேயே வெள்ளை எர்த் ஒயர் துருப்பிடித்த ஸ்குரூவில் சட்டத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும். இரண்டையும் அறுத்து, சரியான தடிமனில் புது ஒயர் வைத்து, பற்றவைத்து, தண்ணீர் புகாத ஸ்லீவ் போட்டான். மறுபடி பின்னை உருவினான். 13 ஆம்பியர். சட்டத்தை நம்பாமல் எர்த்துக்கும் பிளக் வரை தனி ஒயர் இழுக்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை காலியான மைதானத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மலையேறினார்கள்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்று உண்டு. அந்தப் பச்சைப் பொடி ஒரு வாரத்தில் வந்ததல்ல. முந்தைய சொந்தக்காரர் எத்தனை பயணம் பாதிப் பிரேக்கோடு போனாரோ? அவருக்கு யார் சொன்னது? டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை. கன்ட்ரோலர் டிரெயிலர் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்க்கும். பாதி இருக்கிறது என்பது அதன் கணக்கில் "இருக்கிறது"தான். ரயிலில் ஒரு ஹோஸ் ஒழுகினால் ரயில் நகரவே நகராது, பிழை தானே கத்தும். ஒயர் பிரேக்கில் பிழை மௌனம் சாதிக்கும். இறக்கத்தில்தான் வாய் திறக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், மின்சார டிரெயிலர் பிரேக்கில் ஒயரைச் சோதிப்பது என்பது ரிப்பேர் வேலை இல்லை. அந்தப் பிரேக்கின் ஒரு பாகமே அதுதான். டிசைனில் விட்ட இடத்தை மனிதன் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தன் கையால் நிரப்ப வேண்டியிருக்கிறது. மும்பை, சென்னை மின்சார ரயில்களில் இதை வேறு மாதிரி தீர்த்தார்கள். மின்சார ஒயர் கட்டளை கொடுக்கும், பிரேக் சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் பிடிக்கும். ஒயர் கெட்டுப்போனால் பின்னணியில் பழைய தானியங்கி ஏர் பிரேக் அப்படியே காத்திருக்கும். வசதிக்கு மின்சாரம், உயிருக்குக் காற்று.

இங்கே புனேயைத் தாண்டி சதாரா, கோலாப்பூர் பக்கம் கரும்பு சீசனில் போய்ப் பாருங்கள். ஒரு டிராக்டர், அதன் பின்னால் மலை போல் கரும்பு ஏற்றிய இரண்டு டிரெயிலர்கள். பலவற்றில் பிரேக்கே கிடையாது. 1869-க்கும் முன்னால் இருக்கிறோம். இறக்கத்தில் டிராக்டர் டிரைவர் கியரைக் குறைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவார். பின்னால் காரில் போகும் நாம் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்போம். தயவுசெய்து அடிக்காதீர்கள். அவர் பின்னால் பத்து டன் அவர் பேச்சைக் கேட்காமல் வந்துகொண்டிருக்கிறது. இறக்கத்தில் அதன் முன்னாலும் போய் நுழையாதீர்கள்.

அமெரிக்காவில் பிள்ளையோ மருமகனோ படகோ வீட்டு வண்டியோ இழுக்கிறார்கள் என்றால், அடுத்த முறை போனில் பேசும்போது "சாப்பிட்டியா" என்பதற்குப் பிறகு மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பிரேக்அவே பின்னை உருவிச் சக்கரம் பிடிக்கிறதா என்று பார்த்தாயா? அந்தச் சின்ன பேட்டரியை எப்போது சார்ஜ் செய்தாய்? எத்தனை ஆம்பியர் காட்டுகிறது? "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று அசந்து போவார்கள். ஆர்மாவில் ஆரம்பித்துக் கதையைச் சொல்லுங்கள்.